புதன்கிழமைப் பிரிவை மீண்டும் திறக்க வேண்டி மாவட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கும் மாவட்ட மனநலத் திட்ட அலுவலர் அவர்களுக்கும்,

எங்கள் தாலுகா அரசு மருத்துவமனையில் புதன்கிழமைதோறும் நடந்துவந்த மனநலப் புறநோயாளர் பிரிவு கடந்த தை மாதம் நிறுத்தப்பட்டது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்த அறிவிப்பில் இரண்டே வாக்கியங்கள் இருந்தன. நோயாளிகள் வருகை குறைவாக இருப்பதால் இப்பிரிவு மாவட்டத் தலைமை மருத்துவமனையுடன் இணைக்கப்படுகிறது என்பது ஒன்று. நோயாளியை நேரில் அழைத்து வந்தால் மட்டுமே 15 நாட்களுக்கான மாத்திரை வழங்கப்படும் என்பது மற்றொன்று. அந்த இரண்டு வாக்கியங்களும் என் வீட்டுக்குள் வந்து என்ன செய்தன என்பதைத் தங்களுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இரண்டு முறை மனு கொடுத்து ஒப்புகைச் சீட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்பதற்கு மேல் பதில் வராததால், எல்லோரும் படிக்கும்படி எழுத வேண்டியதாயிற்று.

நான் விசைத்தறிக் குடும்பத்துப் பெண். வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் ஆறு தறிகள் ஓடுகின்றன. பாவும் (தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்) நூலும் ஜவுளிக்காரர் கொடுப்பார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. மகள் இந்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினாள், மகன் நான்காவது படிக்கிறான். என் தம்பிக்கு 36 வயது. மருத்துவச் சீட்டில் அவனுடைய நோயின் பெயர் இருமுனையக் கோளாறு, மனம் சில காலம் அளவு மீறி மேலே ஏறும், சில காலம் கீழே விழுந்து கிடக்கும். வீட்டில் நாங்கள் பைபோலார் என்கிறோம். ஊரில் சொல்வது வேறு, அதை இங்கே எழுத வேண்டியதில்லை. எங்கள் அம்மாவோடு சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், இருக்கிறான், என் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பகலில் என் கொட்டகையில் இரண்டு தறிகளை அவன்தான் பார்த்துக்கொள்கிறான்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தபோது, 27ஆம் வயதில், முதல் முறை அவனுக்கு வந்தது. அது நோய் என்று எங்களுக்குத் தெரியவில்லை. குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தோம், மலையடிவாரத்தில் ஒருவரிடம் கயிறு கட்டினோம், கொஞ்சம் அடங்கியதும் கால்கட்டுப் போட்டால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொன்னதைக் கேட்டுக் கல்யாணமும் செய்துவைத்தோம். வந்த பெண்ணுக்கு 22 வயது. அவளிடம் யாரும் எதையும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்றாம் ஆண்டு அவள் தாய்வீடு போனபோது அவள்மேல் கோபப்பட எனக்கு வாயில்லை. நோய்க்குப் பெயர் சொல்லி, மருந்து கொடுத்து, எங்களை உட்காரவைத்து விளக்கியது தங்கள் துறையின் புதன்கிழமைப் பிரிவுதான். ஆகவே அரசு மருத்துவத்தைப் பழிக்க நான் வரவில்லை. ஒழுங்காக நடந்துகொண்டிருந்த ஒன்றை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்க வந்திருக்கிறேன்.

அங்கே வந்த மருத்துவர் முதலில் கேட்பது, "ராத்திரி எத்தன மணி நேரம் தூங்குன?" என்பதுதான். இந்த நோயில் மனம் மேலே ஏறத் தொடங்குவதற்குப் பெரும்பாலும் முதல் அடையாளம் தூக்கம் குறைவது, குறைந்தும் களைப்புத் தெரியாமல் இருப்பது. அதனால் ஒரு நோட்டில் நாள்தோறும் தூங்கிய மணிக்கணக்கை எழுதிவரச் சொன்னார், இன்றுவரை எழுதுகிறோம். தம்பி சாப்பிடும் மாத்திரை லித்தியம். குணமாக்கும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவான மருந்து அது என்றும், கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து அதன் அளவைப் பார்க்க வேண்டும் என்றும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரகத்தையும் தைராய்டையும் சோதிக்க வேண்டும் என்றும், பல்வலி வந்தால்கூட மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரை வாங்கிப் போட்டுவிடக் கூடாது என்றும் அவர் சொல்லித் தந்தார். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் நிற்கிறவனுக்கு வேர்த்து உடம்பில் நீர் வற்றினால் ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். எனவே அவன் தறிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சொம்புத் தண்ணீர் இருக்கும், அது காலியானால் நிரப்புவது என் மகன் வேலை.

லித்தியத்தால் விரல் லேசாக நடுங்கும். பாவில் இழை அறுந்தால் மற்றவர்கள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். தம்பி இடது கை விரலில் இழையைச் சுற்றி, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை பல்லால் கடித்து இறுக்குவான். முடிச்சு கொஞ்சம் தடிப்பாக விழும், துணியில் தடவினால் தெரியும். அந்தத் தடிப்பை வைத்தே அவன் மாத்திரை சாப்பிடுகிறான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். இப்படி ஐந்து ஆண்டு நான்கு மாதம் போயிற்று. அந்தக் காலம் முழுவதும் அவன் ஒரு நாள்கூட மருத்துவமனையில் படுக்கவில்லை.

வருகை குறைவு என்று எந்த ஏட்டைப் பார்த்து எண்ணினீர்கள் என்று தெரியவில்லை. அந்த ஐந்து ஆண்டு நான்கு மாதத்துக்கான 64 சீட்டுகளும் என்னிடம் உள்ளன, மாதம் ஒன்று தவறாமல். கடைசிப் புதன்கிழமை எங்களுக்குக் கிடைத்த டோக்கன் எண் 38. எங்களுக்குப் பின்னாலும் ஆட்கள் நின்றார்கள். அப்படியே சில வாரம் கூட்டம் குறைந்திருந்தாலும், வராதவர்கள் எல்லாம் குணமானவர்கள் என்று கொள்ள முடியுமா? 2015-16இல் பெங்களூரின் தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநல ஆய்வில், இந்த நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஏழு பேர் சிகிச்சை பெறாமல் இருந்தார்கள். ஆள் வரவில்லை என்றால் ஏன் வரவில்லை என்று தேடிப் போக வேண்டிய திட்டம் இது. மாவட்ட மனநலத் திட்டம் 1996இல் தொடங்கப்பட்டதே, மனநல மருத்துவத்தைப் பெரிய ஊர்களின் பெரிய மருத்துவமனைகளிலிருந்து மக்களுக்குப் பக்கத்தில் கொண்டுவருவதற்காகத்தான்.

இப்போது நாங்கள் போகும் தூரம் 58 கிலோமீட்டர். காலை ஐந்தரைக்குக் கிளம்பி இரண்டு பேருந்து மாறினால் ஒன்பதுக்குள் வரிசையில் நிற்கலாம், வீடு திரும்ப மாலை ஆறாகும். பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் நகரப் பேருந்தில்தான், புறநகர்ப் பேருந்தில் இல்லை. இருவருக்கும் போக வரச் செலவோடு, அன்றைக்கு நான் பார்க்கும் தறியும் அவன் பார்க்கும் தறியும் நிற்கும். மாதம் ஒரு நாள் என்றால் எப்படியாவது ஈடுகட்டியிருப்போம். 15 நாளுக்கு ஒருமுறை என்றால் ஜவுளிக்காரர் வேறு ஆளுக்குப் பாவு கொடுத்துவிடுகிறார். பணத்தைவிடப் பெரிய சங்கடம் நோயாளி நேரில் வர வேண்டும் என்ற விதி. மனம் கீழே கிடக்கும் நாட்களில் அவனைப் பாயிலிருந்து எழுப்பிப் பல் விளக்க வைப்பதற்கே முற்பகல் போய்விடும். மேலே ஏறிய நாட்களில் தனக்கு நோயே இல்லை என்பான். மாத்திரை மிகவும் தேவைப்படும் அந்த இரண்டு நேரத்திலும் அவனை 58 கிலோமீட்டர் கூட்டிவர முடியாது என்பது, இந்த விதியை எழுதியவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

பங்குனியில் போனபோது, லித்தியம் வரவில்லை, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்கள். ஒரு மாத்திரையின் விலை ஒரு டீயின் விலைகூட இல்லை. 1949இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் இந்த நோய்க்குப் பயன்படும் என்று கண்டறிந்து எழுதிய பழைய மருந்து அது. மலிவான மருந்து என்பதாலோ என்னவோ, எங்கள் ஊரின் ஐந்து கடைகளிலும் அது கிடையாது. சொல்லிவைத்து நகரத்திலிருந்து வரவழைப்பதற்குள் 19 நாட்கள் போய்விட்டன.

அந்த 19 நாட்களில் என் மகளுக்குத் தேர்வு. நான் இரவு தறியில் நின்றால் மாமாவின் தூக்கக் கணக்கை அவள்தான் எழுதுவாள். நோட்டு சாளையில் இருந்ததால் தன் தேர்வு அட்டவணையின் பின்பக்கத்திலேயே எழுதியிருக்கிறாள்: 7, 7, 6½, 5, 4, 2, 2, 0. அதே தாளின் முன்பக்கத்தில் தமிழ், ஆங்கிலம், கணிதம் என்று வரிசையாக இருக்கிறது. கணிதத் தேர்வுக்கு முந்திய இரவு ஒரு மணிக்குத் தம்பி கதவைத் தட்டி, "அக்கா, நாடாவே இல்லாத தறி ஒன்னு வரைஞ்சு வெச்சிருக்கேனுங்க, பாப்பாவ எழுப்புங்க, அவளுக்குத்தான் கணக்கு தெரியும்" என்றான். நாடா, அதாவது ஊடைநூலைக் குறுக்கே கொண்டுபோகும் கட்டை, இல்லாத தறி எப்போதோ வந்துவிட்டது என்று சொன்னால் கேட்கும் நிலையில் அவன் இல்லை. அவள் எழுந்து உட்கார்ந்து மூன்று மணி வரை அவன் வரைந்ததைக் கேட்டுக்கொண்டிருந்தாள், ஏனென்றால் மறுத்தால் சத்தம் பெரிதாகும் என்று பதினைந்து வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அவள் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுத அவள் அனுமதி தரவில்லை.

அந்த வாரம் நெய்த துணியில் கை வைத்துப் பார்த்தேன். தம்பி போட்ட முடிச்சுகள் தடிப்பே இல்லாமல் அழகாக விழுந்திருந்தன. விரல் நடுக்கம் நின்றுவிட்டது என்றால் உடம்பில் மருந்து இல்லை என்று பொருள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மாத்திரை வந்து சேர்ந்தபோது அவன் அதைத் தொடும் நிலையைத் தாண்டிவிட்டான். நோட்டில் 7 மணி நேரத் தூக்கத்தில் இருந்தவன் 0 மணி நேரத்துக்கு வந்தபின் அவனை மீட்பது எவ்வளவு கடினம் என்பதை அந்தச் சித்திரை முழுவதும் பார்த்தோம். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் போய், அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்த காசை முன்பணமாகக் கொடுத்து, மீதிக்குப் புரோநோட்டு எழுதிக் கொடுத்து, ஒரு ஜோடி காங்கேயம் காளைகளை ஓட்டி வந்துவிட்டான். எங்களிடம் கட்டுத்தறியும் இல்லை, கைப்பிடி வைக்கோலும் இல்லை. விடிகாலையில் நான் எழுந்து வந்தபோது காளைகள் தறிக் கொட்டகைத் தூணில் கட்டியிருந்தன. அவன் தன் வேட்டியை நனைத்து அவற்றின் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தான், முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விற்றவர் நல்ல மனிதர். விவரம் சொன்னதும் பத்தாயிரம் பிடித்துக்கொண்டு மாட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மீதி முன்பணத்தையும் புரோநோட்டையும் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்துத் தெளிந்தபோது, அம்மாவின் வெறும் கழுத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி நான்கு நாள் சாப்பிடவில்லை.

மாட்டைத் திருப்பிக் கொடுத்ததற்கு அடுத்த நாள் அவன் நடுச்சாலையில் நின்று வண்டிகளை மறிக்கத் தொடங்கினான். ஆம்புலன்சுக்குப் போன் செய்தால் போலீஸ் துணை இல்லாமல் ஏற்ற மாட்டோம் என்றார்கள். வந்த போலீஸ்காரர்கள் இருவரும் அவனை அடிக்கவில்லை, அதற்கு நன்றி. ஆனால், "இது எங்க கேசு இல்லீங்கம்மா, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆம் பிரிவு, நோயின் காரணமாகத் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கக்கூடிய நிலையில் இருப்பவரைப் பாதுகாப்பில் எடுத்து, லாக்கப்பில் வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோவதைக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியின் கடமை என்கிறது. கடைசியில் என் கணவரும் தறிக்காரர்கள் இருவரும் வாடகை ஆம்னி வேனில் அவனை நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். போகும் வழியெல்லாம் என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாமா, என்னய உட்டுட்டு வந்தராதீங்க" என்றானாம்.

22 நாள் உள்நோயாளியாக இருந்தான். கூட ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்பதால் நான் இருந்தேன். ஆறு தறியில் நான்கு நின்றன, என் கணவர் சோறாக்கினார், மகன் பத்து நாள் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதே எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தம்பி நன்றாக இருந்தபோதே, சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்வதுபோல் வெள்ளைத்தாளில் என்னைத் தன் நியமனப் பிரதிநிதியாக, அதாவது சிகிச்சை முடிவுகளில் தனக்குத் துணை நிற்பவராக, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருந்தான். அந்தத் தாளை நீட்டியபோது அங்கே வாங்கிப் பார்க்க ஆளில்லை. "ஏம்மா இத்தன பாடு, ஏதாச்சும் ஹோமுல உட்டர வேண்டியதுதானே?" என்று ஒருவர் கேட்டார். அக்கறையில்தான் கேட்டிருப்பார். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகத் தீயில் சங்கிலியோடு கருகிய 28 பேரையும் யாரோ ஒரு குடும்பம், முடியாமல், அப்படித்தான் கொண்டுபோய் விட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது, அவரிடம் சொல்லவில்லை.

என் கணவர் இந்த ஒன்பது ஆண்டில் ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. இந்த முறை மட்டும், "பரிச்ச முடியற வரைக்கும் பாப்பாவ எங்கக்கா ஊட்டுல உடலாமா புள்ள?" என்று கேட்டார். கேட்டதில் தவறில்லை. ஆனால் தம்பியைப் பார்ப்பதா பிள்ளைகளைப் பார்ப்பதா என்று நான் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை ஐந்து ஆண்டுகளாக என் வீட்டில் வந்ததே இல்லை. மாத்திரை பக்கத்தில் இருந்தவரை இரண்டையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மாவட்டத்துக்கு ஒரு இடத்தில் மனநல சேவை இருந்தால் போதும் என்று தங்கள் அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள அதே மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவைத் தாங்கள் முழுவதும் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். மாவட்டத்துக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம் என்றுதான் அதில் இருக்கிறது. மனநோய் உள்ள எவரையும் சேவைக்காக நெடுந்தூரம் பயணம் செய்ய வைக்கக் கூடாது, அவர் வசிக்கும் இடத்துக்கு அருகிலேயே அது கிடைக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ள மருந்துகள் சமுதாய சுகாதார நிலையம் தொடங்கி மேலே எல்லா அரசு மருத்துவ நிலையங்களிலும், எல்லா நேரமும், விலையின்றிக் கிடைக்க வேண்டும் என்றும் சொல்கிறது. எல்லா நேரமும் என்ற சொல்லுக்குள் அந்த 19 நாட்கள் வருமா வராதா என்பதைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்.

முடியாத காரியத்தைக் கேட்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். என் அம்மாவுக்குச் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவருக்கான மாத்திரைகள் சாளைத் திண்ணைக்கே வந்துவிடுகின்றன. தன்னார்வலராக வரும் பெண் பிரஷர் பார்த்து, ஏட்டில் குறித்து, பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவார். அதே திண்ணையில், அம்மாவுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும் என் தம்பிக்கும் வாழ்நாள் முழுதும் மாத்திரை வேண்டும். அவன் மாத்திரைக்கு மட்டும் 58 கிலோமீட்டர்.

ஆகவே கேட்கிறேன். புதன்கிழமைப் பிரிவை எங்கள் தாலுகா மருத்துவமனையில் மீண்டும் தொடங்குங்கள். வாரந்தோறும் மருத்துவரை அனுப்ப இயலாவிட்டால் மாதம் இரண்டு முறையாவது, தேதி மாறாமல் அனுப்புங்கள். நிலை சீராக உள்ளவர்களுக்கு 30 நாள் மாத்திரையை மொத்தமாகக் கொடுங்கள், அதை நியமனப் பிரதிநிதியோ வீட்டாரோ சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ள எழுத்து மூலம் ஆணையிடுங்கள். லித்தியமும், இதே நோய்க்குக் கொடுக்கப்படும் வால்புரோயேட்டும் தாலுகா மருத்துவமனையில் குறைந்தது இரண்டு மாத இருப்பாக வைக்கப்பட வேண்டும். இருப்பு தீரும் முன்பே எங்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு வேண்டும். லித்தியம் அளவுக்கான ரத்தத்தைத் தாலுகாவில் எடுத்து மாவட்ட ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், ஆள் வர வேண்டியதில்லை. வீடு தேடி வரும் மருந்துப் பையில் இந்த மாத்திரைகளையும் சேர்க்குமாறு அரசுக்குத் தாங்கள் பரிந்துரைக்க வேண்டும். 100ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்பதை மாவட்டத்தின் எல்லாக் காவல் நிலையங்களுக்கும் ஆம்புலன்ஸ் பணியாளர்களுக்கும் சுற்றறிக்கையாக அனுப்பச் செய்யுங்கள். இரவில் கூப்பிட 14416 என்ற அரசு மனநல உதவி எண் இருக்கிறது, பேசுகிறவர்கள் பொறுமையாகப் பேசுகிறார்கள். ஆனால் ஆளை ஏற்றிக்கொண்டு போக மாவட்டத்தில் ஒரு வண்டியும் அதற்குப் பொறுப்பான ஒருவரின் எண்ணும் வேண்டும்.

இவற்றில் எதைச் செய்ய முடியும், எதை எந்தத் தேதிக்குள், எதை முடியாது, ஏன் என்று எழுத்து மூலம் பதில் தாருங்கள். இதை எழுதும் இன்று தம்பியின் நோட்டில் 7 என்று இருக்கிறது, விரலும் நடுங்குகிறது. டப்பாவில் 22 மாத்திரைகள் உள்ளன. நாளொன்றுக்கு இரண்டு வீதம் 11 நாள் வரும். அதற்குள் தங்கள் பதில் எனக்குக் கிடைக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்தின் தாலுகா ஊர் ஒன்றில் தறி ஓட்டும் ஓர் அக்கா